மங்களத்துக்கு முன்

ராகவி வயலின் வில்லை எடுத்தபோது மண்டபத்தின் பின்கதவு திறந்தது.

ரோரியும் அவனுடைய அப்பா டங்கனும் உள்ளே வந்தார்கள். நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். சிட்னியின் கிரவீன் மண்டபத்தில் ஒரு கதிரைகூட மிச்சமில்லை. இருவரும் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

முன்வரிசையில் நடுவில் இருந்த ராகவியின் அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாதக்கணக்காக அந்த முகம் அப்படித்தான். ரோரியைக் கல்யாணம் செய்ய விரும்புகிறேன் என்று அவள் சொன்னபோது, பார்ப்பம் என்றார். அதோடு சரி. அப்பாவின் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் நாள் வைக்க மாட்டேன் என்று அவள் ரோரியிடம் சொல்லிவிட்டாள். அவனும் காத்திருக்கிறான்.

இன்றைக்கு அந்த டங்கனோடு ஒரு வார்த்தை கதையுங்கோ என்று அம்மா காலையிலிருந்து அப்பாவிடம் கெஞ்சியிருந்தாள். கச்சேரிக்கு வருவதாக மட்டும் அப்பா சொன்னார்.

அடுத்து என்ன வாசிக்கப் போகிறாள் என்று ராகவி அறிவிக்கவில்லை. டங்கன் தானாகவே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தாள்.

அது ஒரு பழைய ஸ்கொட்லாந்து மெட்டு. பாத்திரம் கழுவும்போது டங்கன் முணுமுணுப்பது. ஐந்தே சுரங்கள். முதல் தடவை கேட்டபோதே அவளுக்கு அது மத்தியமாவதி இராகமாகக் கேட்டது. மெதுவான ஆலாபனையில் தொடங்கி, பிறகு மிருதங்கத்தோடு சேர்த்து, தன் கைக்கு ஏற்றபடி புதிதாக அமைத்திருந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. நம்முடைய ஆட்களின் காதில் அந்த இராகம் கச்சேரியின் கடைசியில்தான் விழும். மங்களம் பாடி, எல்லோரும் எழும்புகிற நேரத்தில்.

எங்கோ ஒரு கதிரை கிரீச்சிட்டது.

கண்ணைத் திறந்தாள். அப்பா எழுந்து நின்றார்.

மங்களம் முடியும்வரை அசையாத மனிதர் அவர். சிட்னியில் சங்கீதம் கேட்க வருகிற அன்ரிமாருக்கு அவர்தான் மணிக்கூடு. ஆனந்தராஜா எழும்பினால் கச்சேரி முடிந்தது.

சிவகௌரி அன்ரிக்கு இரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது.

“மங்களம் தொடங்கீட்டுது. சாப்பாட்டு லைன் நீளுறதுக்கு முதல் எழும்புங்கோ.”

குசினிப் பக்கமிருந்து கொத்துரொட்டி வாசமும் சரியாக அந்த நேரம் பார்த்து வந்தது. கைப்பைகள் தோளில் ஏறின. கார்ச் சாவிகள் குலுங்கின. ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை, கடைசியில் மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

அப்பாவின் முதுகு அந்தக் கூட்டத்துக்குள் மறைந்து போனதை ராகவி பார்த்தாள்.

மற்றவர்கள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். அப்பா அப்படி இல்லை. மங்களம் எது, மங்களம் இல்லாதது எது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் அவள் பழகும்போது கேட்டு, இது யாருடைய பாட்டு என்றும் தெரியும். தெரிந்துகொண்டே எழும்பிப் போகிறார். ரோரியின் ஆட்களுடைய பாட்டை அவர் பெண் வாசிக்கிறாள் என்று போகிறார். இதுதான் அவருடைய பதில்.

வில் ஒரு கணம் தடுமாறியது.

பக்கத்தில் இருந்த அருந்தவன் அவளைப் பார்க்கவேயில்லை. மிருதங்கத்தில் பலமாக ஒரு தட்டுத் தட்டினான். வேறு வழியில்லாமல் அவள் மெட்டுக்குள் நுழைந்தாள்.

அது துள்ளிக்கொண்டு போகிற நடை. மங்களம் அப்படித் துள்ளாது. பாதி வழியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையில் பையோடு நின்ற ஒரு அங்கிளின் கால் தன்பாட்டில் தாளம் போட்டது. யாரோ சிரித்தார்கள். வரிசை வரிசையாக எல்லோரும் மறுபடி கதிரைகளில் இருந்தார்கள்.

அப்போதுதான் ராகவிக்கு முன்வரிசை தெரிந்தது.

அப்பாவின் கதிரையில் டங்கன் இருந்தார். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. கன்னங்கள் நனைந்திருந்தன.

பின்சுவரில், ரோரிக்குப் பக்கத்தில், அப்பா நின்றார். அவருடைய உள்ளங்கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எப்படி வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நன்றாகத்தான் வாசித்தாள் போலிருக்கிறது. கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

உண்மையான மங்களமும் முடிந்து அவள் மேடையிலிருந்து இறங்கியபோது, கூட்டம் சாப்பாட்டுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தது. டங்கன் மட்டும் அங்கேயே காத்துக்கொண்டு நின்றார். இந்த மெட்டை இந்த ஊரில் யாருக்காவது தெரியும் என்று தான் நினைத்ததே இல்லை என்றார். கேட்டதும் ஒரு மண்டபமே மரியாதைக்கு எழுந்து நின்றதே, தன் ஆட்கள்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார்.

ராகவி அதைத் திருத்தவில்லை. சிவகௌரி அன்ரி கேட்டாலும் சந்தோசப்படுவா.

டங்கனுக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது.

உன் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் வந்தார், என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் கதிரையைக் காட்டினார், தமிழில் இரண்டே சொல் சொன்னார் என்றார். முதல் சொல் கதிரையில் இருக்கச் சொன்னது. கையைப் பார்த்தே விளங்கிவிட்டதாம். இரண்டாவதை மறந்துவிடக் கூடாதென்று, பாட்டு முடியும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, உடைந்துவிடப் போகிற ஒன்றைக் கையில் எடுப்பது போல, அவர் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னார்.

“சம்பந்தி.”