வெந்துபோன பிளக்

ஆபிரகாம், மூன்று ரூபாய் பத்தணா.

சாமான் பெட்டியைத் திறந்ததும், மூடியின் உட்புறத்தில் தான் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்த அந்தக் கணக்குதான் டிரைவர் இன்பராஜின் கண்ணில் பட்டது. மாற்று பிளக் இருக்க வேண்டிய குழி காலி.

மோட்டார் வண்டியின் பின் சீட்டில் ராஜப்பா கிடந்தான். சுரங்கத்தில் பாறை சரிந்து தொடை நசுங்கியவனை இப்போதுதான் கேஜ் கூண்டில் மேலே ஏற்றி வந்திருந்தார்கள். டாக்டர் இறுக்கிக் கட்டிய துணியையும் மீறி ரத்தம் ஊறியது. மாட்டு வண்டியில் போனால் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்க மாட்டான் என்று அவர் சொல்லிவிட்டார்.

டாக்டரின் மோட்டாரோ அசையவில்லை. இன்பராஜ் கழற்றிய பிளக்கில் நுனிக் கம்பி தீய்ந்து அற்றுப் போயிருந்தது. இனி அதில் பொறி விழாது.

மாற்று பிளக்கை ஒரு வழி பண்ணியவன் ஆபிரகாம். உலைக்கூடத்தில் பாறை துளைக்கும் உளிகளுக்கு முனை அடித்துக் கொடுப்பவன். போன மாதம், கரி பிடித்திருக்கிறது, சுத்தம் பண்ணிக் கொடு என்று இன்பராஜ் கொடுத்தான். உளிக்குச் செய்வதையே அவன் அதற்கும் செய்தான். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினான். பீங்கான் படீரென்று பிளந்தது.

அதன் காசு இன்பராஜின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. புதுசு மதராஸிலிருந்து இன்னும் வந்தபாடில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆபிரகாமே வந்து நின்றான். மடியிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு பிளக்.

“இன்னாய்யா, இதையும் வேக வெச்சிட்டியா?”

“நெருப்புப் பக்கமே காட்டல அண்ணே. சீமெண்ணெயில ஊறப் போட்டு, தேங்கா நாருல தேய்ச்சேன்.”

பீங்கான் பால் பல்லாக வெளுத்திருந்தது. நுனிக் கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு நகத்தின் கனம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது இவனுக்கு? கேட்க நேரமில்லை.

திருகி இறுக்கினான். கைப்பிடியை ஒரே சுற்று.

மோட்டார் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் காத்திருந்தான். வெயில் இறங்கியபோது நர்ஸ் லூயிசா எட்டிப் பார்த்து, “பொழைச்சிக்கினான் அண்ணே” என்றாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது.

நடுத் திருகைத் தளர்த்தினால் பீங்கான் தனி, இரும்பு தனி. பீங்கானில் நீலக் கோடு. புரி தேய்ந்துவிட்டதென்று மழைக்காலத்தில் இன்பராஜே சாம்பல் குப்பையில் எறிந்த பழைய பிளக்கின் பீங்கான் அது.

இரும்பைத் திருப்பினான்.

களவு போகாமலிருக்க மாற்று பிளக்கில் அவன் அரத்தால் கீறிய ‘இ’ அங்கே இருந்தது. உலையில் கருத்திருந்தது, அழியவில்லை.

சாமான் பெட்டியைத் திறந்தான்.

சுண்ணாம்புக் கணக்கை அழிக்க எச்சில் தொட்ட விரல் ஒன்றே போதும். அவன் உள்ளங்கை முழுவதாலும் துடைத்தான்.