எடுக்காத படம்

"அப்பாவோட கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டா அந்த நெட்டை போட்டோகிராபர் ஆயிடுவாளா? கண்ணு வேணும்டி, கண்ணு" என்றாள் சுருட்டை.

பக்கத்தில் இருந்த தோழி தலையாட்டி வைத்தாள். ஒரு வாரமாக இதே பாட்டுத்தான்.

பள்ளியில் மாணவர்களே நடத்தும் மனித உரிமைச் செய்தித்தாளுக்குப் புகைப்படப் போட்டி வைத்திருந்தார்கள். பரிசு வாங்கும் படம் மனித உரிமை நாள் இதழின் முதல் பக்கத்தில் வரும். எடுத்தவர்தான் வருஷம் முழுக்கப் பத்திரிகையின் போட்டோகிராபர். பள்ளியின் கேமராவும் அவர் கைக்கு வரும்.

சுருட்டைக்கு அந்தக் கேமரா வேண்டும். அவளிடம் இருந்தது அம்மாவின் கீறல் விழுந்த செல்போன். நெட்டைக்கோ வீட்டிலேயே நீள லென்ஸ் வைத்த கேமரா. போதாததற்கு, எத்தனை கூட்டத்திலும் எல்லார் தலைக்கும் மேலே படம் எடுக்கிற உயரத்தையும் கடவுள் அவளுக்கே கொடுத்துத் தொலைத்திருந்தார். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

"வீட்டுலயே ஒண்ணு இருக்கே, அவ எதுக்குப் போட்டிக்கு வரணும்?" என்று அம்மாவிடமும் பொருமினாள்.

"யாரோ எவளோ, உன் வேலையைப் பாரு" என்றாள் அம்மா, பாத்திரங்களை அடுக்கியபடி.

புது வீடு. வீடு என்றால் ஒற்றை அறை. பழைய வீட்டுக்காரர் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் சாமான்களைத் தெருவில் எடுத்துப் போட்டுப் பூட்டியபோது, அவசரத்துக்குக் கிடைத்தது. அம்மாவைச் சாமான்களோடு விட்டுவிட்டு, சுருட்டை அப்பாவோடு வண்டி தேடிப் போயிருந்தாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. அந்த மட்டில் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வாள்.

போட்டி முடிவு வந்தது. முதல் பரிசு சுருட்டைக்கு.

கடைத்தெருவில் ஒரு பெண்ணின் தள்ளுவண்டியை அதிகாரிகள் பிடுங்கி லாரியில் ஏற்றும்போது எடுத்த படம். அந்தப் பெண் அழுதுகொண்டே முகத்துக்கு நேரே கையை உயர்த்தியிருந்தாள்.

"விரலிடுக்கில தெரியுது பாரு அந்தக் கண்ணு, அசத்திட்டே" என்றார் நடுவராக வந்த பத்திரிகைக்காரர். "கையை ஏன் தூக்கினாங்க?"

"வெயில் சார்" என்றாள் சுருட்டை, கூசாமல்.

நெட்டையின் படம் ஒரு மூலையில் தொங்கியது. தெருக்குழாய், அதனடியில் காலி வாளிகள். ஆறுதல் பரிசுகூடத் தேறவில்லை.

சுருட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே அவளிடம் போய் நின்றாள்.

"இவ்வளவு பெரிய கேமராவை வச்சுக்கிட்டு, உனக்கு ஒரு குழாய்தான் சிக்குச்சா?"

நெட்டை சிரித்தாள். "வேற ஒண்ணு கிடைச்சுது. எடுக்கலை."

"ஏன், பேட்டரி போயிடுச்சா?"

"அவங்க அழுதுட்டிருந்தாங்க."

"அழும்போதுதான்டி எடுக்கணும். அதுதானே செய்தி? இதுகூடத் தெரியாம எதுக்குக் கேமரா உனக்கு?"

"மனசு வரலைப்பா" என்ற நெட்டை, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "ஸ்கூல் கேமரா உனக்குக் கிடைச்சதுல எனக்கு நிஜமாவே சந்தோஷம்."

அது இன்னும் எரிச்சலாக இருந்தது. தோற்றவள் முகம் கொஞ்சமாவது வாடினால்தானே ஜெயித்தவளுக்கு மரியாதை? இவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே என்று முணுமுணுத்தபடி நகர்ந்தாள்.

பரிசளிப்பைப் பார்க்க அம்மா வந்துவிட்டாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"எடுக்காதேன்னு கையைத் தூக்குது பாவம்" என்றாள் அம்மா.

சுருட்டைக்குச் சுருக்கென்றது.

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. இப்படி எடுத்தாத்தான் பரிசு. அதோ பாரு, நான் சொன்னேனே, அவதான் நெட்டை. கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் அலைஞ்சா. ஒண்ணும் தேறலை."

அம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பொண்ணையா இத்தனை நாளாத் திட்டிக்கிட்டிருந்தே?"

"ஏன், உனக்குத் தெரியுமா அவளை?"

"நம்ம சாமானைத் தெருவில போட்ட அன்னிக்கு, நான் நடுத்தெருவில உக்காந்து அழுதுட்டிருந்தேன். ஊரே நின்னு வேடிக்கை பார்த்துச்சு. இந்தப் பொண்ணு மட்டும்தான், கழுத்துல கிடந்த கேமராவைக் கழட்டிப் பையில வச்சுட்டு, என்கூட ஒரு பக்கம் பிடிச்சுக் கட்டிலை ஓரமா நகர்த்துச்சு. மண்ணுல கிடந்த உன் ஸ்கூல் போட்டோவைப் பார்த்ததும் முகமே மாறிடுச்சு. துடைச்சு என் கையில குடுத்துட்டு, 'நான் வந்ததை அவகிட்டச் சொல்லாதீங்க ஆன்ட்டி, சங்கடப்படுவா'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

சுருட்டை படத்தின் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்து, எதிரே இருந்த படம் கலங்கியது.

அதற்குள் நெட்டையே அங்கே வந்துவிட்டாள், கேமராவும் கையுமாக.

"ஆன்ட்டி, ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கட்டுமா?"

சுருட்டை முகத்துக்கு நேரே கையை உயர்த்தினாள்.

நெட்டை உடனே கேமராவைத் தாழ்த்திவிட்டாள்.