ஓரத்தில் நின்றவர்

“அந்த வெள்ளை டிரஸ் ஆளை மட்டும் வெட்டிடும்மா” என்றார் மேனேஜர், பல்லிடுக்கில் சிக்கிய எதையோ எடுக்கச் சொல்வது போல.

ஸ்டுடியோக்காரி ஃபிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்கு நடந்தாள். புதுக் கட்டடத் திறப்பு விழாவில் வரிசையாக நிற்க வைத்து அவளே எடுத்த படம் அது. நடுவில் முதலாளி, மனைவி, மகன்; ஒரு கோடியில் கறுப்புக் கோட்டில் மேனேஜர்; மறு கோடியில் வெள்ளைச் சீருடையில் பியூன்.

பியூன் அவளுடைய அப்பா. மேனேஜருக்கு அது தெரியாது. பியூனுக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கும் என்பதே அவருக்குத் தோன்றியதில்லை.

“ஆபீஸ் ஹால்ல படத்துல நானும் தொங்கப் போறேனாமே?” என்று காலையில்தான் அப்பா கேட்டிருந்தார். “கண்டிப்பா தொங்குவீங்கப்பா” என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். மேனேஜரும் பின்னாலேயே வந்து நின்றார். தாளை அசையாமல் பிடிக்கிற ஈஸல் சட்டம் அவளிடம் இரண்டு இருந்தது. ஒன்றில் படம் முழுசாக விழும். இன்னொன்றில் நாலு பக்கமும் நகரும் தகடுகள். எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்து ஆள் காலி. அவள் முதல் சட்டத்தை எடுத்து வைத்தாள்.

“அது வேணாம். தகடு வச்சதை எடு.”

“முழுப் படம்தான் சார் எடுப்பா இருக்கும். வரிசைல நின்னவங்களை வெட்ட எனக்கு மனசு வராது.”

“மனசு வரலைன்னா ஆர்டரும் வராது.”

சட்டத்தை மாற்றினாள். பெரிதாக்கும் கருவியின் விளக்கைப் போட்டதும் வரிசை மொத்தமும் தலைகீழாக வந்து சட்டத்தில் விழுந்தது. வெள்ளையாகத் தெரிந்த உருவத்தின் மேல் மேனேஜர் விரலை ஊன்றினார்.

“இவன்தான். நிக்கிற தோரணையைப் பாரு, ஆபீஸே இவன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி.”

“சார், இங்க தெரியறது...”

“எனக்கே பாடமா? போட்டோ கிளப்புக்கு ரெண்டு வருஷம் தலைவரா இருந்தவன் நான்.”

“இந்த சைஸ்ல ஒரே ஒரு தாள்தான் சார் இருக்கு. நிச்சயமா இவரையா?”

“தள்ளும்மா.”

“அப்ப விரலை எடுத்துக்குங்க” என்று தகட்டைத் தள்ளினாள். வெள்ளை உருவம் மறைந்தது. மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஒளி காட்டி எடுத்த தாள் மருந்துத் தட்டில் மிதந்தது. முதலாளி வந்தார். மனைவி வந்தார், மகன் வந்தான். கடைசியாகக் கோடியில், மார்பை நிமிர்த்திக்கொண்டு, வெள்ளைச் சீருடையில் அப்பா வந்தார்.

தட்டுக்குள்ளேயே விழுந்துவிடுவது போலக் குனிந்து தேடினார் மேனேஜர். “நான் எங்க?”

“அதைத்தான் சார் சொல்ல வந்தேன். நெகடிவ்ல கறுப்புக் கோட்டு வெள்ளையாத்தான் தெரியும்.”