பழைய பாட்டுப் படம்

"நீ உள்ள தள்ளி உக்காரும்மா. எனக்குக் கால் நீட்டணும்," என்றார் அப்பா.

மகளுக்குச் சுருக்கென்றது. தியேட்டரே நிரம்பி வழிகிறது, அவளுக்கு அந்தப் பக்கம் மட்டும் இரண்டு இருக்கைகள் காலி. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். தலைக்குப் புதுச் சாயம் வேறு. போன மாதம் பல்வலி என்று துணைக்குக் கூட்டிப்போய், பல் டாக்டரையே மாப்பிள்ளையாகக் காட்டிய மனிதர். "பழைய பாட்டெல்லாம் போட்டு ஒரு காதல் படமாம், சிரிச்சிட்டு வரலாம்" என்று காலையில் ஆரம்பித்தபோதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

விளக்கு அணையும் நேரத்தில் ஓர் அம்மாள் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கடுத்து ஓர் இளைஞன். உட்கார்ந்ததும் உட்காராததுமாக இந்தப் பக்கமே எட்டி எட்டிப் பார்த்தான்.

"அப்பா, மறுபடியுமா?" என்று பல்லைக் கடித்தாள்.

"படத்தைப் பாரும்மா."

அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால் மனிதர் ஒழுங்காகச் சாப்பிடக்கூட மாட்டார். அதனால்தான் வருகிற வரனுக்கெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். உண்மைக் காரணத்தைச் சொன்னால் அவர் உடைந்துபோவார்.

ரசிக்கவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவளை அந்தப் படம் விடவில்லை. கல்யாண வீடுகளில் பழைய பாட்டுப் பாடும் ஒரு பாடகி. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் கொய்யென்று கத்தும் மைக்கைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் மைக் செட்காரன். சண்டை வந்தால் ஒரு பழைய பாட்டு, சமாதானமானால் இன்னொன்று.

"இப்ப கரண்ட் போயிடும் பாரேன். அந்த மைக் செட்காரனே மைக் இல்லாமப் பாடுவான்," என்று பக்கத்து அம்மாள் கிசுகிசுத்தார். சொன்னபடியே நடந்தது.

"முன்னாடியே பாத்துட்டீங்களா?"

"இது மூணாவது தடவை. இந்தப் பாட்டுக்காகத்தான். இந்தா, பாப்கார்ன் எடுத்துக்கோ."

பாட்டு ஆரம்பித்தது. அந்த அம்மாள் கைப்பையில் தாளம் போட்டார். இந்தப் பக்கம் அப்பாவும் சேர்ந்து பாடினார், சுருதி எங்கேயோ போனது. இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அப்பா வாய்விட்டுப் பாடிக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அதற்காக அப்பாவைத் தனியாக விட்டுவிட முடியுமா?

இடைவேளையில் காபி வாங்க வரிசையில் நின்றாள். அந்த இளைஞன் பின்னாலேயே வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"நானே சொல்லிடறேங்க," என்றாள் அவள். "உங்க மேல ஒரு குறையும் இல்ல. உங்கம்மா தங்கமானவங்க. ஆனா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டா எங்கப்பா ஒத்தையா நின்னுடுவார். என்னால முடியாது. பொண்ணு பிடிக்கலைன்னு நீங்களே சொல்லிடுங்க, புண்ணியமாப் போகும்."

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்.

"எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சுங்க. நான் உங்கப்பாவைப் பாக்கத்தான் வந்தேன். பிள்ளைங்க நாம ரெண்டு பேரும் சரின்னாதான் பேச்சையே எடுக்கணும்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க. எனக்கு உங்கப்பாவை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு எங்கம்மாவை?"