தணிகையின் திருத்தம்

ஒரு சிப் எப்படி ஓடும் என்று அப்படியே நடித்துக் காட்டும் சிமுலேட்டர் மென்பொருள் அது. அதன் நிரலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். பூங்கோதை சரிபார்த்துச் சேர்ப்பாள். எத்தனை மல்லுக்கட்டினாலும் சிமுலேட்டர் சொல்லும் வேகம் நிஜச் சிப்போடு கொஞ்சமாவது உதைக்கும். தணிகை என்ற முகம் தெரியாத ஆளின் திருத்தத்தைப் போட்டதும் இரண்டும் அச்சாகப் பொருந்தின.

"அப்புறம் என்ன, சேர்த்துடு" என்று சிரித்தான் பக்கத்து நாற்காலி பெலிக்ஸ்.

"இவ்வளவு பொருந்துறதுதான் இடிக்குது."

இதை நம்பித்தான் எங்கெங்கோ புது சிப்கள் உருவாகின்றன. அத்தனையையும் கெடுக்க ஒரு திருட்டு வரி போதும். அவள் வரிவரியாகப் படித்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. நிஜச் சிப்பிடமே ரகசியமாகக் கேட்டுச் சொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு, மேசையில் அந்தச் சிப் இருந்த சர்க்யூட் பலகையின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். அப்போதும் பொருந்தியது. கடைசியில் சிப்பின் மேல் சுழன்ற விசிறியை விரலால் அழுத்தி நிறுத்தினாள். சூடேறிய சிப்பின் வேகம் மெதுவாகத் தளர்ந்தது.

கணினித் திரையில் சிமுலேட்டரும் தளர்ந்தது. சூடு என்ற ஒன்றை அதற்குள் யாரும் எழுதியதே இல்லை.

பெலிக்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டான். விரலை எடுக்காமலே, மறுகையால் அவள் தணிகைக்குச் செய்தி தட்டினாள்: "இது எப்படி வேலை செய்யுது?"

பதில் உடனே வந்தது.

"சொல்றேன். முதல்ல விசிறியிலேர்ந்து விரலை எடுங்க."