மருதமுத்து விட்டுக்கொடுத்த வேலை

மகள் தேவிஸ்ரீயின் பின்னால் சுற்றிய கோகுலராஜுக்கு மருதமுத்துவே வேலை வாங்கிக் கொடுத்தபோது பெம்பான் ஊரில் எல்லோரும் அசந்துபோனார்கள். துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில் பல வருடம் அவர் பார்த்த துப்புரவு வேலைதான் அது. தோட்டாக்கள் போய் மோதும் சுவரடியில் சேரும் தூசியைக் கூட்டி அள்ள வேண்டும். அவர் வாசல் காவலுக்கு மாறியிருந்தார்.

மலாக்கா டவுனில் அறை எடுத்து வேலை பார்க்கும் தேவிஸ்ரீ, ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகுலராஜோடு வந்து நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்கப்பா. நாங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். உங்களுக்கு இவர ஆகாதுன்னு பயந்துகிட்டே இருந்தோம். நீங்களே வேலை வாங்கிக் கொடுத்த பிறகுதான் தைரியம் வந்துச்சு.”



“ஒங்கள மறக்க மாட்டேன் மாமா,” என்றான் கோகுலராஜ்.

“சட்டை முழுக்கத் தூசியோடதான் வருவாருலா. தெனமும் நான்தான் உதறித் தொவைக்கிறேன்,” என்று சிரித்த தேவிஸ்ரீ, சற்றுத் தயங்கித் தலையைக் குனிந்துகொண்டாள். “இப்ப எனக்கு நாலு மாசம்பா.”

மருதமுத்துவின் முகம் வெளிறிப்போயிற்று.

“அவன் சட்டையத் தொடாதம்மா.”

“ஏம்ப்பா?”

அந்தத் தோட்டாத் தூசியிலிருந்த ஈயம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதால்தான் அவரை வாசலுக்கு மாற்றியிருந்தார்கள். முகமூடி போட வேண்டும், தூசியை நனைத்துத்தான் அள்ள வேண்டும், குளித்து உடை மாற்றாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை மேனேஜர் அவரிடமே விட்டிருந்தார்.

அவர் ஒன்றையும் சொல்லாமல், வேண்டுமென்றே, கோகுலராஜ் கையில் துடைப்பத்தை மட்டும் கொடுத்திருந்தார்.