கைராசி

"தாலி கட்டற படமே இல்லைன்னா, நீ எதுக்குய்யா கழுத்துல கேமராவை மாட்டிக்கிட்டு மேடையில நின்னே?"

செல்லமுத்து போட்ட சத்தத்தில், பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஸ்டுடியோ வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பிரபாகர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "மெமரி கார்டு போயிருச்சுங்க மாமா. அந்த நேரத்துப் படம் மட்டும் ஒண்ணுமே பதியலைங்க."

"வீடியோ?"

"அதுவும்தானுங்க."

கேட்டால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? பரமத்தி வேலூரில் பிரபாகருக்கு இருந்த பெயரே வேறு. அவன் படம் எடுத்த கல்யாணத்துக்கு வருசம் திரும்புவதற்குள் தொட்டில் கட்டலாம் என்பார்கள். அப்படி ஒரு கைராசி. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதே அடுத்த கல்யாணத்துக்கு ஆள் வந்து தேதி சொல்லிவிட்டுப் போகும்.

நாமக்கல்லில் யாரோ ஒருவர் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன், அந்தப் பேரை நம்பித்தான் லோன் போட்டுப் பெரிய கேமரா வாங்கினான், ட்ரோன் வாங்கினான், மெயின் ரோட்டில் கடை பிடித்தான். விளம்பரம் என்று ஒரு பேனர்கூட வைத்ததில்லை. ஊர் வாய்தான் அவனுக்கு விளம்பரம்.

அதே ஊர் வாய்தான் இப்போது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

செல்லமுத்துவையும் குறை சொல்ல முடியாது. தை மாதம் கல்யாணமான மகன் அறிவு, ஆல்பம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பைபாஸில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். காரியம் முடிந்த கையோடு குறி கேட்கப் போனார்கள். தாலி முடிச்சில் தப்பு நடந்திருக்கிறது என்று வாக்கு வந்தது.

முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டால், மற்ற இரண்டையும் கூடப்பிறந்தவள் போடுவது வழக்கம். அறிவுக்கு அக்கா இருந்தாள், வசந்தாமணி. ஆனால் அவள் புருசன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன இடத்தில் இறந்துவிட்டதால், மேடையில் ஏற வேண்டாம், பின்னாலேயே நில் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிபாளையத்திலிருந்து சித்தப்பா மகளை வரவழைத்து முடிச்சுப் போடச் சொன்னார்கள். அந்தப் பெண்ணோ, ரெண்டையும் நான்தான் இறுக்கிப் போட்டேன் என்று பெற்ற பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள்.

நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. எந்தக் கல்யாணத்தில்தான் தாலி கட்டுவது நமக்குத் தெரிகிறது? கையில் மஞ்சள் அரிசியை வைத்துக்கொண்டு, போட்டோக்காரன் முதுகைத்தானே பார்க்கிறோம். ஆக, கேமராதான் சாட்சி. அதற்கும் கண் அவிந்துவிட்டது என்கிறான் இவன்.

கோயமுத்தூரில் ஆள் இருக்கிறதாம், அழிந்த படத்தையும் மீட்டுக் கொடுப்பார்களாம், கார்டைக் கொடு என்றார் செல்லமுத்து. அதையும் பார்த்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை என்றான் பிரபாகர்.

செல்லமுத்து அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பத் தப்பு முடிச்சுல இல்லை. உன்ற கையில. தாலி ஏறுன நேரத்தையே இருட்டாக்கிப்போட்டியே. அதனாலதான்டா என்ற பையன் போனான்."

பெற்றவன் வயிறு எரிகிறபோது எந்த வார்த்தையும் வரும். ஆனால் பிரபாகர் எதிர்த்து ஒன்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க மாமா. தப்பு என்மேலதானுங்க."

அப்பாவுக்குத் துணையாக வந்து வாசலோரம் நின்றிருந்த வசந்தாமணி, அத்தனை நேரமும் வாயே திறக்கவில்லை. போகும்போது பிரபாகரைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போட்டாள். உன் சங்காத்தமே வேண்டாம் சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போகிறாள் பார் என்றார் பேக்கரிக்காரர். நாலு பேர் தலையாட்டினார்கள்.

அப்புறம் என்ன? வைகாசி முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். காதுகுத்துக்குக்கூடக் கூப்பிட ஆளில்லை. ட்ரோன் போனது. பெரிய கேமரா போனது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு முகத்தை வெட்டி ஒட்டித் தருகிற வேலை மட்டும் வந்துகொண்டிருந்தது. இழவு வீட்டுக்கு ராசி பார்ப்பதில்லை பாருங்கள்.

கடையைக் காலி செய்த அன்று, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த மனைவி மதுமதி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, எந்த விசேசமா இருந்தாலும் ஒரே நேரத்துல ரெண்டு கார்டுல பதியற ஆளு நீங்க. ரெண்டுமா போகும்? கோயில்ல என்னையப் பார்த்தாக்கூட ஒதுங்கிப் போறாங்க. எங்கிட்டயாச்சும் நெசத்தைச் சொல்லுங்க."

பிரபாகர் கட்டிவைத்த கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டி, ஒரு படத்தைத் திறந்து காட்டினான்.

மணப்பெண் தலை குனிந்திருந்தாள். சித்தப்பா மகள், கண்ணில் விழுந்த அரிசியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அறிவு பின்னால் திரும்பி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதைக் காட்டியிருந்தா, அந்தப் புள்ளைய உசுரோட விட்டிருப்பாங்களா மதி?"

மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது வளையல் இல்லாத வசந்தாமணியின் கை. அந்தக் கையைக் கூட்டத்துக்குள்ளிருந்து பிடித்து இழுத்து, தாலிக்கயிற்றின் மேல் வைத்திருந்தது அறிவின் கை.